மதுரை நேரப்படி ஒரு திறப்பு விழா

சென்ற மே மாதம் ஆப்பிரிக்காவில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு நர்ஸும் நான்கு பேபி வார்மரும்தான். இன்று நான் ‘ஆப்பிரிக்க அன்புச் செம்மல்’. பட்டத்தைக் கண்ணாடி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதை மாட்டுவதற்குச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டேன் என்று என் மனைவி ஆனிமேரி சொல்லிவிட்டாள். அவள் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், சொன்னால் சொன்னதுதான். பட்டம் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது.

என் பெயர் ஆசீர்வாதம். வீடு பழங்காநத்தத்தில். மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் மெஷின் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர்கள் குழந்தையைப் பார்ப்பார்கள், நான் குழந்தைக்கு மேலே இருக்கிற மெஷினைப் பார்ப்பேன். பேபி வார்மர் பெரிய வித்தை ஒன்றுமில்லை. எடை குறைந்து பிறந்த குழந்தையின் உடம்பில் சூடு நிற்காது. அதற்காகக் கீழே ஒரு மெத்தை, மேலே ஒரு ஹீட்டர், வயிற்றில் ஒட்டுகிற ஒரு சென்சார், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு விளக்கு. சூடு சரியாக இருந்தால் குழந்தை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்.

அந்த நர்ஸ் அபேனா, எட்டு வருடத்துக்கு முன்னால் கானா நாட்டிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு வந்தவள். வார்மர் நின்றுபோனால் மற்ற நர்ஸுகள் போன் செய்வார்கள், இவள் என் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நிற்பாள். நான் எழுந்து நடக்கும்வரை நகரமாட்டாள். எல்லாரும் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் ‘அண்ணே’ என்று பழகிக்கொண்டாள். ஊர் திரும்பித் தலைநகர் அக்ராவில் கடலோரத்துச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் மேட்ரன் ஆனாள். வருடா வருடம் கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் அனுப்புவாள். மே மாதம் வந்தது வாழ்த்து இல்லை. நான்கு போட்டோ, கீழே நாலு வரி ஆங்கிலம். “அண்ணே, நான்கு வார்மரில் மூன்று நின்றுவிட்டன. மீதி ஒன்றில் இரண்டு குழந்தைகளைச் சேர்த்துப் படுக்க வைக்கிறோம். நீங்கள் மதுரையில் பார்த்த அதே மாடல். இங்கே இதைத் தெரிந்தவர் யாரும் இல்லை.”

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றிலும் ஹீட்டர் போயிருந்தது, சென்சாரும் மாற்ற வேண்டும். பார்ட்ஸ் கையிலிருந்தால் எனக்கு இரண்டு நாள் வேலை. பழைய பழக்கத்தில் பார்ட்ஸைத் திரட்டிவிட்டேன். கானாவுக்கு டிக்கெட் எடுக்கத்தான் எனக்கு வசதியில்லை.

அப்போதுதான் கோரிப்பாளையம் சிக்னலில் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்தேன். ‘அகில உலகத் தொண்டர் பேரவை. ஆப்பிரிக்கா அழைக்கிறது!’ என்று எழுதி, பேரவைத் தலைவர் பீமாராவ் பத்தடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் ஆப்பிரிக்கா ஒரு சின்னப் பையனாக நின்றது. பேரவை இந்த வருடம் அக்ராவுக்குப் பதினாறு தொண்டர்களை அழைத்துப் போகிறதாம். பயணமும் தங்கலும் இலவசம். ஆண்டவர் வழி காட்டிவிட்டார் என்று அன்று நான் நினைத்தேன். அவரை இதில் இழுத்ததற்காகப் பிறகு மன்னிப்பும் கேட்டேன்.

பேரவையின் ஆபீஸ் அங்கேயே ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. செயலாளர் ஸ்யாமளா விண்ணப்பத்தைக் கொடுத்தார். நாலு பக்கம். பெற்ற பட்டங்கள், மேடையில் பேசிய அனுபவம், பாடத் தெரியுமா, கோலாட்டம் தெரியுமா, வேட்டி கட்டிய போட்டோ, கோட் போட்ட போட்டோ எல்லாம் கேட்டிருந்தார்கள். என்ன வேலை தெரியும் என்று மட்டும் கேட்கவில்லை. கடைசியில் ‘இதர பொழுதுபோக்குகள்’ என்ற இடத்தில் ‘பேபி வார்மர் ரிப்பேர்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் நேர்காணல். பீமாராவ் ஏதோ ஒரு அரசு இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மேசையில் அவருடைய சொந்தப் பெயரே மூன்று பலகைகளில் இருந்தது.

“ஆப்பிரிக்காவுல எம்புட்டு வெயிலு! அங்க போயிப் பிள்ளைகளுக்கு ஹீட்டர் மாட்டணுங்கிறீங்களேண்ணே?” என்றார்.

“மதுரையிலயும் வெயில்தானே சார். எங்க ஆஸ்பத்திரியில பதினாலு வார்மர் ஓடுது. எடை கொறைஞ்ச பிள்ளைக்கு வெளிய அடிக்கிற வெயிலு உதவாது.”

கொஞ்சம் யோசித்தார். “ஆன் பண்ணா லைட் எரியுமா?”

“எதுல சார்?”

“மெஷின்லண்ணே. போட்டோவுல வெளிச்சம் தெரியணும்ல.”

“தனியா ஒரு லைட் இருக்கு சார். எரியும்.”

“அப்ப நீங்க செலக்டட்” என்று எழுந்து கைகொடுத்தார்.

பயிற்சி முகாம் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் நடந்தது. பெயர் ‘ஆப்பிரிக்கா பழகுவோம்’. பயிற்சி இயக்குநர் ஹரிஷங்கர் ஆப்பிரிக்காவுக்குப் போனதில்லை. “அதனாலதான் அவருக்கு அந்தக் கண்டத்து மேல எந்த முன்முடிவும் கிடையாது” என்று தலைவர் அறிமுகம் செய்துவைத்தார். பலத்த கைதட்டல்.

முதல் நாள், குழந்தையைத் தூக்குவது எப்படி என்று பழகினோம். இடது இடுப்பில் தூக்க வேண்டும், வலது கை பேனருக்கு. தலையணையை வைத்துப் பழக்கினார்கள். நாலு பிள்ளை பெற்ற பெண்கள்கூட அன்றைக்குக் குழந்தை தூக்கத் தெரியாதவர்கள் என்று தெரியவந்தது; அவர்கள் குழந்தையைப் பார்த்தார்கள், கேமராவைப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள், கண் கலங்கும் பயிற்சி. கலங்க வேண்டும், வழியக் கூடாது. வழிந்தால் போட்டோவில் ஜலதோஷம் போலத் தெரியும் என்றார் ஹரிஷங்கர். நிலம் வாங்கி விற்கும் முத்திருளன் என்ற தொண்டர் எழுந்து, “அங்க இருக்கிற பிள்ளைக நல்லாச் சிரிச்சுக்கிட்டு இருந்தா என்ன சார் செய்யிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. “கொஞ்ச நேரம் காத்திருக்கணும்” என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் நிகழ்ச்சி நிரல் கொடுத்தார்கள். பத்து நாள் பயணத்தில் ஆஸ்பத்திரி ஒன்பதாம் நாள், பத்து மணியிலிருந்து பத்து நாற்பது வரை.

“நாப்பது நிமிஷத்துல மூணு மெஷின எப்படி சார் பாக்குறது?” என்று கேட்டேன்.

“நாப்பது இல்ல சார். அதுல வரவேற்புரை இருபது நிமிஷம்” என்று ஹரிஷங்கர் திருத்தினார்.

பயணம் ஜூலையில் என்றார்கள். வழியனுப்பு விழாவுக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினருக்குத் தேதி இல்லாததால் ஆகஸ்டுக்குப் போனது. ஆகஸ்டில் தேதி கிடைத்தது. ஆனால் ஃபிளெக்ஸில் சிறப்பு விருந்தினர் முகம் தலைவர் முகத்தைவிட ஒரு சாண் பெரிதாக வந்துவிட்டது. சமரசம் பேசி முடிக்க செப்டம்பர் ஆயிற்று. இதற்கிடையே அபேனா எழுதிக்கொண்டே இருந்தாள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் எழுதினாள். “நேற்று ஒரு பெண் குழந்தை. ஒரு கிலோ நூறு கிராம் இருந்தாள். வார்மரில் இடமில்லை. அம்மாவின் நெஞ்சிலேயே வைத்துக் கட்டிப் பார்த்தோம். விடியும்போது போய்விட்டாள்.” அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு பையன். அன்றைக்குச் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு பஸ் பிடித்துக் கோரிப்பாளையம் போனேன்.

“சார், பார்ட்ஸ் ரெடியா இருக்கு. என்னைய மட்டும் முன்னாடி அனுப்பி வைங்க. அங்க பிள்ளைக செத்துக்கிட்டிருக்கு” என்றேன்.

பீமாராவ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அண்ணே, உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. வழியனுப்பு விழா இல்லாமப் போனா அது வெறும் பயணம். விழா வச்சுப் போனாத்தான் அது தொண்டு.”

விழா அக்டோபரில் நடந்தது. ஒன்பது பேர் பேசினார்கள். ஆப்பிரிக்காவில் எத்தனை நாடு என்பதில் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அது ஒரே நாடு என்று சிறப்பு விருந்தினர் முடித்துவைத்தார். தலைவர் பேசும்போது, “நாங்கள் அள்ளிக் கொடுக்கப் போகிறோம், எதையும் எடுத்து வரப் போவதில்லை, போட்டோக்களைத் தவிர!” என்று முழங்கினார். அவர் பேசியதில் எனக்குத் தெரிந்து உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான்.

மதுரை விமான நிலையத்தில் ஸ்யாமளா ஒரு எடைக் கருவியுடன் நின்றார். என் பையைத் திறந்து என் சட்டைகளை ஓரம் தள்ளி, கோபுரம் பதித்த இருபத்தைந்து ஷீல்டுகளை அடுக்கினார். அதற்கு மேலே ஒரு கட்டு சால்வை.

“இதெல்லாம் யாருக்கும்மா?”

“அங்க நம்மளை வரவேற்கிறவங்களுக்கு சார். அப்புறம் நமக்கு.”

“நமக்கா?”

“அவங்க கையால நம்மளுக்குப் போர்த்தணும்ல சார். அவங்கள்ட்ட சால்வை இருக்குமோ என்னமோ.”

என் பார்ட்ஸ் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். பதினோரு கிலோ. “இதுக்கு இடமில்ல சார். நாங்க கூரியர்ல போட்டுடறோம்.”

“அம்மா, அதுதாம்மா மெஷினுக்கு உள்ள போறது. அது இல்லாம நான் அங்க போயி என்ன செய்யிறது?”

“மெஷின் அங்கயே இருக்குன்னுதானே சார் சொன்னீங்க?” என்றார் ஸ்யாமளா, உண்மையான குழப்பத்தோடு.

சத்தம் போட்டேன். பெட்டியைப் பிடித்து இழுத்தேன். பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. தலைவர் வந்து என் தோளில் கைபோட்டு, தொண்டர்கள் சண்டை போட்டால் பேரவைக்கு அசிங்கம் என்றார். கடைசியில் ஒரு ஹீட்டரும் ஒரு சென்சாரும் மட்டும் என் கைப்பைக்குள் போயின. மூன்று மெஷினுக்குப் புறப்பட்டவன் ஒரு மெஷினுக்கான சாமானோடு ஏறினேன். வழியெல்லாம் ஷீல்டுகளைச் சபித்துக்கொண்டே போனேன்.

அக்ரா நல்ல ஊர். செம்மண்ணும் கடல்காற்றும். தலையில் அண்டாவைச் சுமந்துகொண்டு பெண்கள் கையை வீசி நடக்கிறார்கள். ட்ரோட்ரோ என்று ஒரு வேன் ஓடுகிறது; அதன் கண்டக்டர் பாதி உடம்பை வெளியே நீட்டி ஊர்ப்பெயரைக் கத்துவதைக் கேட்டால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோமோ என்று தோன்றும். சோற்றையும் தட்டைப்பயறையும் ஒன்றாக வேகவைத்து இலையில் கட்டித் தருகிறார்கள். நான் மூன்று நாள் அதைத்தான் சாப்பிட்டேன். மற்ற பதினைந்து பேரும் ஓட்டல் அறையில் புளிக்காய்ச்சலோடு இருந்தார்கள்.

முதல் நாள் ஓட்டல் ஹாலில் எங்களுக்கு நாங்களே பாராட்டு விழா நடத்திக்கொண்டோம். இரண்டாம் நாள் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போனோம். அந்தச் சுவர் பளபளவென்று நீலமாக இருந்தது. போன வாரம் வேறொரு நாட்டுத் தொண்டர்கள் அடித்ததாம், அதற்கு முந்தைய வாரம் மஞ்சளாம். பின்பக்கச் சுவர் காரை உதிர்ந்து கிடக்கிறது, அதைப் பூச முடியுமா என்று தலைமை ஆசிரியர் மிகப் பணிவாகக் கேட்டார். பின்பக்கம் வெயில் படாது, போட்டோ இருட்டடிக்கும் என்று ஹரிஷங்கர் விளக்கினார். நீலச் சுவரை வெள்ளையாக்கிவிட்டு வந்தோம். தலைமை ஆசிரியர் நன்றி சொன்னார். பாவம், பழகிப்போன மனிதர்.

மூன்றாம் நாள் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ட்ரோட்ரோ ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அபேனா நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கண் மட்டும் களைத்திருந்தது. “அண்ணே” என்றாள். நேரே வார்டுக்குள் போய்க் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். மதியத்துக்குள் ஒரு வார்மரில் ஹீட்டரையும் சென்சாரையும் மாற்றினேன். தானாகச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிறதா என்று இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். பிறகு அபேனா, பக்கத்து வார்மரில் முட்டிக்கொண்டு படுத்திருந்த இருவரில் ஒருவனைத் தூக்கி இதில் போட்டாள். அவன் கையைக் காலை நீட்டிக்கொண்டான். அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

“மற்ற இரண்டும்?” என்று அபேனா கேட்டாள்.

“பெட்டி கூரியரில் வருகிறது” என்றேன். அப்போது அதை நான் நம்பினேன்.

விஷயம் ஐந்தாம் நாள் தலைவருக்குத் தெரிந்தது. என்னை அறைக்குக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது. “என்னண்ணே இப்படிச் செஞ்சிட்டீங்க! திறப்பு விழாவுக்கு முன்னாடியே ஓட விட்டுட்டீங்களே! அப்ப ஒம்பதாம் நாளு நாங்க எதத் திறக்குறது?”

“பிள்ள படுத்திருக்கு சார்.”

“அது சரிண்ணே. பிள்ளை யாரு திறந்து வச்சு அதுல படுத்திருக்கு?”



ஒன்பதாம் நாள் வந்தது. பத்து மணிக்கே பதினாறு பேரும் ஆஸ்பத்திரி நடையை அடைத்துக்கொண்டு நின்றோம். தலைவர் மதுரையிலிருந்து அந்தத் தேதியின் காலண்டர் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். நல்ல நேரம் மாலை நாலே முக்கால். அதாவது மதுரையில். அக்ராவில் அப்போது காலை பதினொன்றே கால்.

“சார், இங்க நேரம் வேறல்ல?” என்றேன்.

“கடிகாரம் வேறயா இருக்கலாம்ணே. நாம மதுரைக்காரங்கதான?” என்றார். ஒன்றேகால் மணி நேரம் அந்த நடையில் நின்றோம். நிறைமாதப் பெண்கள் எங்கள் பேனருக்குக் கீழே குனிந்து குனிந்து போனார்கள்.

பதினொன்று பத்துக்கு, வார்மரில் இருக்கும் குழந்தையை ஐந்து நிமிடம் மாற்றிப் போட முடியுமா என்று ஸ்யாமளா ஆங்கிலத்தில் கேட்டார். ரிப்பன் கட்ட வேண்டும். அபேனா ‘நோ’ என்றாள். வார்டுக் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள்.

தலைவர் மணியைப் பார்த்தார். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஹரிஷங்கர்தான் ஸ்டோர் ரூமைக் கண்டுபிடித்தார். செத்துக் கிடந்த மற்ற இரண்டு வார்மரையும் உருட்டிக்கொண்டு வந்து, சால்வையால் தூசி தட்டி, நடையில் நிறுத்தினார்கள்.

“சார், இது ரெண்டும் ஓடாது. ஹீட்டர் இல்ல” என்றேன்.

“லைட் எரியுமா?”

“எரியும். ஆனா சூடு...”

“சூடு போட்டோவுல தெரியாதுண்ணே. நகருங்க.”

விளக்கைப் போட்டார்கள். பளிச்சென்று எரிந்தது. பள்ளிக்கூடத்தில் கொடுத்ததுபோக மீதியிருந்த பொம்மையில் ஒன்றை எடுத்து மெத்தையில் படுக்க வைத்தார்கள். ரிப்பன் வெட்டப்பட்டது. மதுரையில் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காகத் தலைவர் பேசினார். “இருண்ட கண்டத்திலே இன்று மதுரை விளக்கேற்றியிருக்கிறது! இந்த ஒளியைப் பாருங்கள்! இந்தப் பிஞ்சு முகத்தைப் பாருங்கள்!” கேமரா பொம்மையை நெருங்கியது. எங்கள் ஆட்கள் கண் கலங்கினார்கள். நல்ல பயிற்சி, ஒருவருக்கும் வழியவில்லை.

‘மூன்று பேபி வார்மர்கள், முழுமையாக இயங்கும் நிலையில், பேரவையின் அன்பளிப்பு’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்த சான்றிதழை ஆஸ்பத்திரி நிர்வாகியிடம் நீட்டினார்கள். அந்த மனிதர் படித்துவிட்டுத் தயங்கினார். சுற்றிப் பதினைந்து செல்போன்கள் அவரையே பார்த்தன. கையெழுத்துப் போட்டுவிட்டார். உடனே அவருக்கு ஒரு சால்வை போர்த்தி, அடுத்த சால்வையை அவர் கையில் கொடுத்துத் தலைவருக்குப் போர்த்த வைத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு நாங்கள் கிளம்பினோம். இரண்டு வார்மரும் நடையிலேயே விளக்கெரிய நின்றன. நான்தான் திரும்பி ஓடிப்போய் அணைத்தேன்.

ஊர் திரும்பியதும் பேரவை ஆபீசுக்குப் போனேன். என் பெட்டி அங்கேயே இருந்தது, மேலே பழைய பேனர்கள். ஆனிமேரி தன் தங்கச் சங்கிலியை அடகு வைத்துப் பெட்டியைக் கூரியரில் அனுப்பினாள். ஒன்றை நான் மாட்டியதை அபேனா பார்த்துவிட்டதால், இனி மெஷின் பக்கத்தில் ஒரு எலக்ட்ரீஷியனை நிறுத்தினால் வீடியோ கால் போட்டு மாட்டவைத்துவிடலாம் என்று நானும் அபேனாவும் பேசி வைத்திருந்தோம். பெட்டி அக்ரா சுங்கத்தில் நின்றுவிட்டது. பேரவையின் சான்றிதழைப் பார்த்துவிட்டு, இயங்குகிற புது மெஷினுக்கு எதற்கு இத்தனை பார்ட்ஸ் என்று கேட்டார்களாம். அதைவிட மோசம் அடுத்து வந்தது. ஏழை ஆஸ்பத்திரிகளுக்குப் புதிய வார்மர் கொடுக்கும் பட்டியல் ஒன்று அந்த ஊர்ச் சுகாதார அலுவலகத்தில் இருந்தது. அபேனாவின் வார்டு அதில் இருந்தது. பேரவையின் வீடியோவையும் சான்றிதழையும் பார்த்த அதிகாரி அந்தப் பெயரை அடித்துவிட்டார். இந்தியாவிலிருந்து மூன்று வந்துவிட்டதே, இன்னும் என்ன?

“அண்ணே, ஒரு வரிக் கடிதம் போதும். அந்த இரண்டும் இயங்கவில்லை என்று கொடுத்தவர்களே எழுத வேண்டுமாம். நீங்கள் எழுதினால் செல்லாதாம். பேரவை எழுத வேண்டும்” என்று அபேனா எழுதியிருந்தாள். “இப்போது வார்டில் ஐந்து குழந்தைகள்.”

பீமாராவிடம் போனேன். கையைக் கூப்பிக்கொண்டுதான் நின்றேன்.

“ஓடாத மெஷினத்தான் திறந்து வச்சோம்னு நம்மளே எழுதித் தரணுங்கிறீங்களா?” என்றார்.

“ஆமா சார். ஒரு வரி.”

“அண்ணே, பேரவைக்குன்னு ஒரு பேரு இருக்கு. ஓடுதுன்னு ஊரு பூரா சொல்லியாச்சு. அது ஓடலைன்னா அது அந்த மெஷினோட தப்பு. நாம எப்படிப் பொறுப்பாக முடியும்?” பிறகு குரலை இறக்கினார். “நீங்க வருத்தப்படாதீங்க. வர்ற பாராட்டு விழாவுல உங்களுக்குத்தான் முதல் பட்டம். ஏற்புரைக்கு அஞ்சு நிமிஷம் தாரேன்.”

அந்த ஐந்து நிமிடத்தை வைத்துத்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பேரவையின் விழா, பேரவையின் மேடை, பேரவையே எடுத்து வெளியிடும் வீடியோ. அதில் தலைவர் பக்கத்தில் நின்று உண்மையைச் சொல்லிவிட்டால், அதையே சாட்சியாகக் காட்டலாம். தலைவர் மறுக்காமல் தலைகுனிந்தாலே போதும். அபேனா அதிகாரியிடம் கேட்டுவிட்டு, அப்படி ஒரு வீடியோ இருந்தால், கடிதம் பின்னால் வந்தாலும் பெயரைத் திரும்பச் சேர்ப்பதாகச் சொல்கிறார் என்றாள். ஏற்புரைக்கு ஒப்புக்கொண்டேன்.

விழா அதே திருப்பரங்குன்றம் மண்டபத்தில். நானூறு பேர். பட்டத்தைக் கொடுத்து, சால்வை போர்த்தி, மைக்கைத் தந்தார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. எழுதி வைத்திருந்ததை மனப்பாடமாகச் சொன்னேன்.

“எனக்கு இந்தப் பட்டம் வேணாம். நாங்க அக்ராவுல திறந்து வச்ச ரெண்டு மெஷினும் ஓடாது. அதுல லைட் மட்டுந்தான் எரிஞ்சுச்சு. படுத்திருந்தது பொம்மை. நாங்க மூணு குடுத்தோம்னு சொன்னதால, அங்க வரவேண்டிய மெஷினையும் நிறுத்திட்டாங்க. நாங்க இங்க விழாவுக்குத் தேதி பாத்துக்கிட்டு இருந்தப்பவே ரெண்டு பிள்ளைக செத்துப்போச்சு. நாங்க ஒண்ணும் செய்யல. கெடுத்துட்டுத்தான் வந்திருக்கோம். தலைவரு இங்கயே, இப்பவே, அத ஒத்துக்கிட்டு ஒரு வரி எழுதிக் குடுக்கணும். கெஞ்சிக் கேக்குறேன்.”

குரல் உடைந்துவிட்டது. கண்ணீர் வழிந்தது. பீமாராவ் எழுந்து மெதுவாக வந்தார். தலையைக் குனிந்திருந்தார். என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். ஒத்துக்கொள்ளப் போகிறார் என்றே நினைத்தேன்.

“பார்த்தீர்களா இந்த மனிதரை!” என்றார். அவர் குரலும் உடைந்திருந்தது. “செய்ததைச் செய்யவில்லை என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? இவ்வளவும் செய்துவிட்டு, ‘நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை’ என்கிறாரே! இந்தத் தன்னடக்கத்துக்குப் பெயர்தான் பேரவை!”

முதலில் முன்வரிசை எழுந்தது. பிறகு மொத்த மண்டபமும் எழுந்து நின்று கைதட்டியது. “இல்ல, நான் சொல்றது நெசம்” என்று கத்தினேன். கத்தக் கத்தக் கைதட்டல் கூடியது. முத்திருளன் ஓடிவந்து என் காலைத் தொட்டார். ஸ்யாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கு இன்னொரு சால்வை போர்த்தினார். மூன்றாம் வரிசையில் ஆனிமேரி மட்டும் உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்தாள், பிறகு முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

வெளியே வந்து இருவரும் ஆட்டோவுக்கு நின்றோம். போன் அடித்தது. அபேனா. நேரலையை முழுக்கப் பார்த்திருந்தாள். தமிழ் அவளுக்குப் புரியாது, ஆனால் நான் அழுததும் தலைவர் தலைகுனிந்து வந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றதும் தெரிந்திருந்தது. அவளுக்குப் பின்னால் ஏதோ ஒரு குழந்தை மெலிதாக அழுதுகொண்டிருந்தது. இத்தனை மாதத்தில் அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

“அண்ணே, எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்களே! கடிதம் எப்போது வரும்?”